சுவரில் எழுதிய மூவிடப்பெயர்: ஜூடி பாகாவின் பொதுவெளிக் கலையும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

1. முன்னுரை

சுவரோவியம் இதுகாறும் பெரும்பாலும் கலை வரலாற்றாராலும் சமூகவியலாராலுமே ஆராயப்பட்டு வந்துள்ளது. மொழியியலார் அதன்பால் கருத்துச் செலுத்தியது குறைவு. ஆயினும் பொது இடத்துச் சுவரில் தீட்டப்படும் ஓவியம் தனக்கென ஒரு பெயரையும், பல வேளைகளில் தன்மேல் பொறிக்கப்பட்ட தொடர்களையும் கொண்டிருக்கிறது. அப்பெயரையும் தொடர்களையும் வேறொரு மொழிக்குக் கொண்டுசெல்ல முயலும்போது, பேசுபவர் யார், கேட்பவர் யார், பேசப்படுபவர் யார் என்னும் மூவிட வினா உடனே எழுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சார்ந்த சிக்கானா ஓவியர் ஜூடித் பாகாவின் (பிறப்பு 1946) படைப்புகளை எடுத்துக்கொண்டு இவ்வினாவைத் திறனாய்வு நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அவருடைய கலையைத் தமிழில் அறிமுகப்படுத்தும் எவரும் சந்திக்க நேரும் சில சொற்களும், சில இலக்கணத் தெரிவுகளும் இங்கு எடுத்துக்காட்டப்படுகின்றன. அத்தெரிவுகள் வெறும் நடை பற்றியவை அல்ல. ஒரு கலைப்படைப்பு யாருக்கு உரியது என்பதையே அவை தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. ஓவியரும் அமைப்பும்

பாகா லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்து, பின்னர் அந்நகரின் வடபகுதியிலுள்ள பக்கோய்மாவில் வளர்ந்தவர். பாட்டியின் அரவணைப்பில் ஸ்பானிய மொழி பேசி வளர்ந்த அவருக்குப் பள்ளியில் அம்மொழியைப் பேச இடமில்லை. ஆங்கிலம் புரியாத அச்சிறுமியை ஆசிரியர் ஒரு மூலையில் அமர்த்தி ஓவியம் தீட்டச் செய்தார் என்பதை அவரே பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். மொழி மறுக்கப்பட்ட இடத்தில் ஓவியம் தொடங்கியது என்பது மொழியியலார் மனங்கொள்ளத்தக்கது.

1970ஆம் ஆண்டில், ஒன்றோடொன்று பகைமை கொண்டிருந்த நான்கு தெருக்குழுக்களைச் சேர்ந்த இருபது இளைஞர்களை ஒன்றுதிரட்டி, ஹாலன்பெக் பூங்காவின் இசைமேடையில் ‘மி அபுவெலீட்டா’ என்னும் ஓவியத்தை அவர் உருவாக்கினார். 1974இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகர் முழுவதற்குமான சுவரோவியத் திட்டத்தை முன்னின்று நடத்தினார். 1976இல் கிறிஸ்டினா ஷ்லெசிஞ்சர், டோனா டைட்ச் ஆகியோருடன் சேர்ந்து ‘ஸ்பார்க்’ எனச் சுருக்கமாக வழங்கப்படும் சமூக, பொதுக்கலை வள மையத்தை நிறுவினார். வெனிஸ் பகுதியின் பழைய காவல்நிலையக் கட்டடம் அதன் இருப்பிடமாயிற்று. 1988 முதல் இம்மையம் நடத்திய திட்டத்தின்வழி நகரின் பல குடியிருப்புகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் எழுந்தன. அவற்றைத் தீட்டியோர் பல்வேறு இனங்களைச் சார்ந்த பிற ஓவியர்கள் ஆவர்.

பாகாவின் பெயரை உலகறியச் செய்தது ‘லாஸ் ஏஞ்சலிஸ் பெருஞ்சுவர்’ ஆகும். வெள்ளத்தடுப்புக்காகக் காறை பூசப்பட்ட துஹுங்கா ஓடையின் பக்கச்சுவரில் 1976ஆம் ஆண்டு தொடங்கி 1983 வரை ஐந்து கோடைக்காலங்களில் அது தீட்டப்பட்டது. நீளம் 2,754 அடி. நானூறுக்கு மேற்பட்ட இளைஞர்கள் அதில் உழைத்தனர். கலிபோர்னியாவின் தொல்பழங்காலம் முதல் 1950களின் இறுதிவரை அதில் இடம்பெறுகிறது. 1871ஆம் ஆண்டுச் சீனர் படுகொலை, மெக்சிக வம்சாவளியினரின் நாடுகடத்தல், ஜப்பானிய அமெரிக்கரின் முகாம் சிறைவாசம் முதலிய, பாடநூல்கள் எளிதில் கடந்து செல்லும் நிகழ்ச்சிகளுக்கு அதில் தனித்தனி இடம் உண்டு. 2017இல் அது அமெரிக்க நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

3. ‘கியூரேட்டர்’ என்பதற்கு நிகரான சொல்

பாகா ஓவியர் மட்டும் அல்லர். பிறர் ஓவியங்களுக்கு இடமும் பொருளும் இசைவும் தேடித்தந்து, அவற்றை ஆவணப்படுத்திக் காத்தும் வருபவர். இப்பணியை ஆங்கிலம் ‘கியூரேட்டர்’ என்று குறிக்கும். தமிழ்நாட்டு அருங்காட்சியகங்களில் இதற்குக் ‘காப்பாட்சியர்’ என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. இலத்தீன் வேர்ச்சொல் ‘பேணுதல்’ என்னும் பொருளது. தமிழாக்கமோ ‘காப்பு’ என்பதோடு ‘ஆட்சி’ என்பதையும் சேர்த்துக்கொண்டது. ஒரு கூடத்திற்குள் அடங்கிய பொருள்களைக் காப்பவருக்கு இச்சொல் பொருந்தும். மழையும் வெயிலும் படும் தெருச்சுவரை, அத்தெருவில் வாழ்வோரின் இசைவோடு ஓவியமாக்கும் ஒருவருக்கு ‘ஆட்சி’ என்னும் கூறு பொருந்துமா என்பது வினா.

‘தொகுப்பாளர்’ என்றால் முன்பே உள்ளவற்றைத் திரட்டுபவர் என்று பொருள்படும். ‘அமைப்பாளர்’ என்றால் நிகழ்ச்சி ஏற்பாடு செய்பவராகக் குறுகும். ‘புரவலர்’ என்றால் கொடுப்பவர், பெறுபவர் என்னும் ஏற்றத்தாழ்வு புகுந்துவிடும். பெருஞ்சுவரில் உழைத்த இளைஞர்கள் கொடை பெற்றவர்கள் அல்லர், ஊதியம் பெற்றவர்கள். பாகாவைப் பொறுத்தவரை ‘பேணுநர்’ என்பதே தக்கது என இக்கட்டுரையாளர் கருதுகிறார். இது புதுச்சொல் போல் தோன்றினும் பெயர்நர், கொளுநர் என வரும் ஆக்கமுறைக்கு இயைந்தது. இலத்தீன் வேரின் பொருளையும் ஆட்சியின் சாயல் இன்றித் தருகிறது.

4. ‘கம்யூனிட்டி’யும் ‘பாரியோ’வும்

‘கம்யூனிட்டி ஆர்ட்டிஸ்ட்’ என்பதைச் ‘சமுதாயக் கலைஞர்’ என்று பெயர்ப்பது எளிது. ஆனால் இன்றைய தமிழ்ப் பொதுவழக்கில் ‘இன்ன சமுதாயத்தினர்’ என்றால் சாதியினர் என்றே கொள்ளப்படுகிறது. ‘சமுதாயக் கூடம்’ என்னும் பெயர்ப்பலகையைக் காண்பவர், எந்தச் சமுதாயத்தின் கூடம் என்று கேட்பதும் உண்டு. ஆகவே ‘சமுதாயக் கலைஞர்’ என்னும் தொடர், ஒரு சாதியைச் சேர்ந்த கலைஞர் எனத் தவறாக உணரப்பட வாய்ப்புண்டு. பாகாவின் திட்டங்களில் ‘கம்யூனிட்டி’ என்பது பிறப்பால் அமைந்த குழுவைக் குறிக்கவில்லை. ஒரு சுவரை நாள்தோறும் காணும் மக்களைக் குறிக்கிறது. எனவே ‘ஊர்க்கலைஞர்’ அல்லது ‘வட்டாரக் கலைஞர்’ என்பன இடத்தை முதன்மைப்படுத்துவதால் பொருளுக்கு அணுக்கமானவை.

‘பாரியோ’ என்னும் சொல் இன்னும் நுட்பமானது. அரபு வழியாக ஸ்பானியத்திற்கு வந்த இச்சொல் அம்மொழியில் நகரின் ஒரு பகுதி என்னும் பொதுப்பொருளில் வழங்குகிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் புகுந்தபின் அது ஸ்பானிய மொழியினர் வாழும் பகுதி, பெரும்பாலும் வறியோர் பகுதி எனப் பொருட்சுருக்கம் பெற்றது. தமிழில் ‘சேரி’ என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. உத்தரமேரூர்க் கல்வெட்டு பிராமண ஊர் ஒன்றின் உட்பிரிவுகளையே சேரி எனச் சுட்டுகிறது. இன்று அச்சொல் சுருங்கி, ஒதுக்கப்பட்டோர் வாழும் இடத்திற்கே வழங்குகிறது. பலருக்கு அது புண்படுத்தும் சொல்லாகவும் உள்ளது.

இரு சொற்களின் பொருள் வரலாறு ஒத்திருப்பதால் ‘பாரியோ’வைச் ‘சேரி’ எனப் பெயர்க்கலாமா? பெருஞ்சுவரின் ஒரு பகுதி இதற்கு விடை தருகிறது. நெடுஞ்சாலைகள் பாம்புபோல் வளைந்து குடும்பங்களைப் பிரிப்பதையும், சாவேஸ் ரவீன் குடியிருப்பிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டபின் அங்கு எழுந்த விளையாட்டரங்கம் விண்கலம்போல் மேலிருந்து இறங்குவதையும் அது காட்டுகிறது. ஓவியத்தில் அம்மக்கள் வீடும் உறவும் உடையவர்களாக நிற்கின்றனர். அவர்கள் இழந்தது ஊர். வெளியிலிருந்து நோக்கியோருக்கே அது ‘இடிக்கத்தக்க பகுதி’யாகத் தோன்றியது. இங்குச் ‘சேரி’ எனப் பெயர்த்தால், மொழிபெயர்ப்பாளர் வெளியேற்றியவர்களின் கண்ணால் அவ்விடத்தைப் பார்த்தவர் ஆவார். ‘ஊர்’ என்றோ ‘குடியிருப்பு’ என்றோ பெயர்ப்பதே ஓவியத்தின் நோக்குநிலைக்கு உண்மையாக அமையும்.

5. தன்மைப் பன்மை: ‘நம்’மா, ‘எங்கள்’ஆ?

தமிழ், கேட்பவரை உளப்படுத்தும் ‘நாம்’ என்பதையும் விலக்கும் ‘நாங்கள்’ என்பதையும் வேறுபடுத்துகிறது. ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் இவ்வேறுபாடு இல்லை. இதனால் மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் இல்லாத ஒரு முடிவை எடுத்தே தீரவேண்டியுள்ளது.

‘மி அபுவெலீட்டா’ என்பதில் ‘மி’ ஒருமை. சொல்லுக்குச் சொல் ‘என் பாட்டி’. தமிழ்ப் பேச்சில் உறவினரைச் சுட்டும்போது ‘எங்கள் பாட்டி’ எனப் பன்மை வருதலே பெருவழக்கு. ஆனால் இருபது இளைஞர்களும் தனித்தனியே ‘என்’ என்று சொல்லக்கூடிய ஒரு பாட்டியை, பகைவரோடு சேர்ந்து தீட்டினர் என்பதில்தான் அவ்வோவியத்தின் ஆற்றல் உள்ளது. ஆகவே இங்கு வழக்கைச் சற்று விலக்கி ‘என் பாட்டி’ என்றே நிறுத்துவது நன்று. சொல்லின் இறுதியிலுள்ள சிறுமை விகுதி உணர்த்தும் கொஞ்சலைத் தமிழ் உறவுப்பெயர் விகுதியால் காட்டுவதில்லை. அவ்விழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

டென்வர் விமான நிலையத்தில் 2000ஆம் ஆண்டு அமைந்த ‘லா மெமோரியா தெ நுயெஸ்த்ரா தியேரா’ என்னும் ஓவியம் மறுதலையான சிக்கலைத் தருகிறது. ‘எங்கள் மண்ணின் நினைவு’ என்றால், எல்லை கடந்து வந்த மெக்சிகக் குடும்பங்கள் பயணியரை நோக்கித் தம் உரிமையை நிலைநாட்டுகின்றன என்று பொருள். ‘நம் மண்ணின் நினைவு’ என்றால், அவ்வழியே கடந்துசெல்லும் பயணியும் அந்நினைவின் பங்காளி ஆகிறார். முன்னது உரிமைக்குரல், பின்னது அழைப்பு. பாகாவின் பிற பணிகளை நோக்கும்போது ‘நம்’ என்பதே ஏற்புடையது எனத் தோன்றும். ஆனால் மண்ணை இழந்தோர் ‘நம்’ என்று சொல்வதும், அதைப் பெற்றோர் ‘நம்’ என்று சொல்வதும் ஒன்றல்ல. மொழிபெயர்ப்பாளர் ‘நம்’ என்று எழுதும்போது, இழந்தோர் வாயினின்று அது வருகிறது என்பதைச் சூழல் உணர்த்துமாறு எழுத வேண்டும்.

6. படர்க்கை: பால்ட்வின் பார்க் தொடர்

1993ஆம் ஆண்டில் பால்ட்வின் பார்க் ரயில் நிலையத்தில் பாகா அமைத்த ‘தான்சாஸ் இந்திஹெனாஸ்’ என்னும் படைப்பு இவ்வாய்வுக்கு மிகவும் இன்றியமையாதது. ஸ்பானிய மறைப்பணியாளர் எழுப்பிய கட்டடங்களை நினைவூட்டும் வளைவு ஒன்று அங்கு நிற்கிறது. அதில் தொடர்கள் சில பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று குளோரியா அன்சால்துவாவின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது. மற்றொன்று அவ்வூரார் ஒருவர் பேச்சில் வந்தது. ‘அவர்கள்’ வருவதற்கு முன் இதைவிட நன்றாக இருந்தது என்பது அதன் கருத்து.

2005ஆம் ஆண்டில் குடியேற்ற எதிர்ப்பு அமைப்பு ஒன்று இத்தொடர்களை நீக்கக் கோரிப் போராட்டம் நடத்தியது. அவர்களுக்கு எதிராக ஊர்மக்கள் பலர் திரண்டனர். எதிர்ப்பாளர் ‘அவர்கள்’ என்பது வெள்ளையரைக் குறிப்பதாகக் கொண்டனர். பாகா அளித்த விளக்கமோ நேர்மாறானது: அத்தொடரைக் கூறியவர் வெள்ளையினத்தவர், ‘அவர்கள்’ என அவர் குறித்தது மெக்சிகரை. யார் எந்த ‘அவர்களை’க் குறித்துப் பேசுகிறார் என்பது தெளிவின்றி இருப்பதே தம் நோக்கம் என்றும் பாகா கூறினார்.

இங்கு நிகழ்ந்தது யாது? பொறிப்பில் தன்மை மறைந்துள்ளது. படிப்போர் ஓவியரின் பெயரைக் கொண்டு தன்மையை ஊகித்தனர். ஊகித்த தன்மையிலிருந்து படர்க்கையைப் பெற்றனர். படர்க்கைப் பெயர் தனித்து நிற்பதில்லை, அது தன்மையின் நிழல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இதைத் தமிழாக்குவோர் முன் பின்வரும் வாய்ப்புகள் உள்ளன:

(அ) அவர்கள் வருமுன் நன்றாக இருந்தது.
(ஆ) அவர்கள் வருமுன் இவ்வூர் இதைவிட நன்றாக இருந்தது.
(இ) அவர்கள் வருமுன் எங்களுக்கு இதைவிட நன்றாக இருந்தது.
(ஈ) அந்த ஆட்கள் வருமுன் இதைவிட நன்றாக இருந்தது.
(உ) அவர்கள் வருமுன் இதைவிட நன்றாக இருந்தது.

ஆங்கிலத் தொடரின் எழுவாய் பொருளற்ற அஃறிணைச் சுட்டு. தமிழில் அதற்கு இடமில்லை. (ஆ) எழுவாயை இட்டு நிரப்புகிறது. (இ) மறைந்த தன்மையை வெளிப்படுத்தி, ‘எங்களுக்கு’ என்பதால் படிப்பவரையும் விலக்கிவிடுகிறது. (ஈ) பேசுபவரின் வெறுப்பை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. (அ) இவற்றைத் தவிர்க்கிறது. ஆயினும் மூலத்திலுள்ள ஒப்பீட்டை இழக்கிறது. ஒப்பீடு இன்றேல் நிகழ்காலத்தின் மீதுள்ள மனக்குறை மறைந்து, வெறும் பழைய நினைவு மட்டுமே எஞ்சும். ஆகவே எழுவாயின்றி ஒப்பீட்டை மட்டும் காக்கும் (உ) சிறந்தது.

இனி ‘வருதல்’ என்னும் வினையை நோக்குவோம். வருசொல்லும் தருசொல்லும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன, செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறுத்துள்ளார். அவ்விதியின்படி ‘அவர்கள் வந்தார்கள்’ என்றால், வந்து சேர்ந்த இடம் பேசுபவருடையது மட்டுமன்றிக் கேட்பவருடையதாகவும் இருக்கலாம். ரயிலுக்காகக் காத்து நின்று அத்தொடரைப் படிப்பவர் எவராயினும், மெக்சிகர், வெள்ளையர், தொல்குடியினர் என எவ்வினத்தவராயினும், அந்நேரத்தில் அவ்விடத்தில் நிற்பதனாலேயே ‘வந்து சேரப்பட்ட’ பக்கத்தில் நிறுத்தப்படுகிறார். அடுத்த நொடியில், தாமும் எங்கிருந்தோ வந்தவரே என்னும் எண்ணம் அவருக்கு எழவேண்டும். எழாதவரே சினமுறுகிறார். தொடரின் திறன் இவ்விரு நிலைகளுக்கும் இடையே உள்ளது. ‘வருமுன்’ என்னும் தமிழ் வினையெச்சம் இதைச் சிதைக்காது தருகிறது என்பது நமக்குக் கிடைத்த பேறு.

7. மதிப்பீடு

பாகாவின் கலையில் குறை இல்லை என்பது இக்கட்டுரையின் முடிவு அன்று. பெருஞ்சுவரின் வரலாற்று ஆராய்ச்சியிலும் தீட்டுதலிலும் பலர் பங்கேற்றனர். ஆயினும் கலையுலகம் அதைப் பாகாவின் படைப்பு என்றே வழங்குகிறது. 2021இல் பெருஞ்சுவரைத் தொடர்வதற்கு மெலன் அறக்கட்டளை ஐம்பது லட்சம் டாலர் வழங்கியது. 2023-24இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்தின் காட்சிக்கூடத்திற்குள், பார்வையாளர் முன்னிலையில் புதிய பகுதிகள் தீட்டப்பட்டன. ஓடைக்கரையில் வெயிலில் நின்ற இளைஞர் கூட்டம் வேறு. கூடத்திற்குள் பணியாற்றும் தேர்ந்த ஓவியர் குழு வேறு. புகழ் வளர்ந்த அளவுக்கு ‘நாங்கள்’ சுருங்கியதோ என்னும் ஐயம் எழுவது இயல்பே.

இவ்வையம் மொழிபெயர்ப்பாளரைப் பற்றியதும் ஆகும். ‘பாகா பெருஞ்சுவரைத் தீட்டினார்’ என்று நாம் எழுதும்போது அச்சுருக்கத்திற்கு நாமும் துணைபோகிறோம். தமிழ் இலக்கணிகள் கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இருவகைப்படுத்தினர். அரசன் கட்டிய கோயில் என்பதில் அரசன் ஏவியவன். கொத்தன் கட்டிய கோயில் என்பதில் கொத்தன் இயற்றியவன். இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டு ‘எடுப்பிச்ச’ என்னும் பிறவினை வடிவத்தால் இவ்வேறுபாட்டை ஒளிக்காமல் கூறுகிறது. அவ்வாறே ‘பாகா தீட்டுவித்தார்’ எனலாமோ எனின், அதுவும் உண்மைக்குப் பொருந்தாது. அவர் ஏவியவரும் ஆவார், தாமே தூரிகை ஏந்தியவரும் ஆவார்.

‘இளைஞர்களோடு பாகா தீட்டினார்’ என்பது அடுத்த வாய்ப்பு. இதில் எழுவாய் பாகா, இளைஞர் உடனிருந்தோர். ஆனால் இருவர் ஒருவினை செய்யுமிடத்து ‘ஒடு’ உருபு உயர்ந்தோரைச் சார்ந்து வரும் என்பது தொல்காப்பியர் கருத்து. அதன்படி ‘பாகாவோடு இளைஞர்கள் தீட்டினர்’ என்று எழுதினால், வினையின் எழுவாய் இளைஞர்கள். உயர்வு தரும் உருபு பாகாவைச் சாரும். தலைமையையும் உழைப்பையும் ஒரே தொடரில், ஒன்றை மற்றொன்று விழுங்காமல் வைக்க நம் பழைய இலக்கணம் வழிவகுத்துள்ளது.

8. முடிவுரை

காறை பூசப்பட்ட ஆற்றை நிலத்தின் வடுவாகவும், தம் ஓவியத்தை அவ்வடுவின்மேல் குத்திய பச்சையாகவும் பாகா உருவகித்துள்ளார். தமிழில் ‘தழும்பு’ என்பது ஆறிய புண்ணின் அடையாளம் மட்டுமே. ‘வடு’ என்பதோ அவ்வடையாளத்தையும் பழியையும் ஒருசேரக் குறிக்கும். ஆற்றுக்கும் அதன் கரையில் வாழ்ந்தோருக்கும் நேர்ந்ததைக் கூறுமிடத்து ‘வடு’ என்பதே தக்க சொல்லாகும்.

மேற்கண்டவற்றால், பொதுவெளிக் கலை பற்றிய நூல்களைத் தமிழாக்குவோர் கீழ்வருவனவற்றைக் கருத்திற்கொள்வது பயன் தரும். இடத்தைக் குறிக்கும் சொல்லைச் சாதியைக் குறிக்கும் சொல்லாக மாற்றிவிடலாகாது. ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் தெரிவைப் பழக்கத்திற்கு விட்டுவிடாமல் காரணம் கண்டு செய்தல் வேண்டும். மூலத்தில் பேசுபவர் மறைக்கப்பட்டிருப்பின், தெளிவு என்னும் பெயரால் அவரை வெளிக்கொணர்தல் கூடாது. விளக்கம் தேவையெனில் அதனைத் தொடருக்கு வெளியே தரலாம். பலர் செய்ததைப் பலர் செய்ததாகவே கூறுதல் வேண்டும்.

எனவே, லாஸ் ஏஞ்சலிஸ் பெருஞ்சுவரைப் பற்றித் தமிழில் ஒரு தொடர் எழுத நேர்ந்தால், இக்கட்டுரையாளர் எழுதுவது இதுவாகும்: துஹுங்கா ஓடைச் சுவரில் ஜூடி பாகாவோடு நானூறுக்கு மேற்பட்ட இளைஞர்கள் தம் ஊரின் வரலாற்றைத் தீட்டினர்.